பேட்டரி இருந்த இடம்

அண்ணே,

இன்று காலை ஆம்பூரில் பஸ்ஸுக்கு நின்றிருந்தேன். பக்கத்துப் பங்க்சர் கடைக்காரர் கம்ப்ரஸரை ஓடவிட்டார். சூடான பெல்ட்டின் ரப்பர் வாடை, தோல் பதனிடும் ஷெட் நாற்றத்தையும் மீறி மூக்கில் ஏறியது. உங்களை அடக்கம் செய்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

எழுபதுகளின் கடைசி அது. ஆஸ்பத்திரி ஜீப்புக்கு நீங்கள் டிரைவர்; மலைக் கிராமங்களுக்குப் போகிற நர்ஸ் நான். ஆற்று மணலைத் தாண்ட நான்கு டயரிலும் காற்றைக் குறைக்க வேண்டும், கரையேறியதும் கல்பாதைக்காகத் திரும்ப அடிக்க வேண்டும். கைப்பம்பில் முக்கால் மணி நேரமாகும். ஒருமுறை நீங்கள் அப்படி அடித்துக்கொண்டிருக்கும்போதே பின்னால் ஸ்ட்ரெச்சரில் இருந்த பெண்ணுக்குப் பிள்ளை பிறந்துவிட்டது. கழுத்தில் கொடி சுற்றியிருந்தது. பிள்ளையை என்னால் காப்பாற்ற முடியவில்லை. ஆஸ்பத்திரி அங்கிருந்து அரை மணி தூரம்தான்.

அதற்கு முன்பே மூன்று தடவை ஆபீஸில் கம்ப்ரஸர் கேட்டிருந்தீர்கள். "வண்டியில அதுக்கு எடம் ஏதுய்யா?" என்று நிர்வாக அதிகாரி திருப்பி அனுப்பியிருந்தார்.

வேலூரில் பழைய லாரி பிரிக்கிற இடத்திலிருந்து நீங்களே ஒன்றைத் தேடிக் கொண்டுவந்தீர்கள். எஞ்சினோடு பெல்ட் மாட்டி ஓட்டுவது, அதனால் பானட்டுக்குள்தான் இருக்க வேண்டும். அங்கே பேட்டரி உட்கார்ந்திருந்தது. அதை எடுத்தால் வேறெங்கே வைப்பது? உங்கள் சீட்டுக்கடியில் பெட்ரோல் டேங்க். பக்கத்துச் சீட்டுக்கடியில் ஜாக்கியும் ஸ்பேனர்களும். பின்னால் ஸ்ட்ரெச்சர்.

"இன்னா சிஸ்டர், இவ்ளோ பெரிய வண்டில ஒரு சாண் எடம் இல்லியே" என்றீர்கள்.

"என் மருந்து அலமாரில கீழ்த்தட்டை அறுத்துடுங்கண்ணே, பேட்டரி அங்க உக்காரட்டும்" என்று சொன்னது நான். சாக்பீஸால் கோடு போட்டது நான். நீங்கள் ரம்பம் போடும்போது பலகையைப் பிடித்துக்கொண்டவளும் நான்தான்.

மறு வாரம் பத்தே நிமிடத்தில் கரையை விட்டுக் கிளம்பினோம். நீங்கள் விசிலடித்துக்கொண்டு ஓட்டினீர்கள்.

மாதக் கடைசியில் அதிகாரி வண்டியைத் திறந்து பார்த்தார். "மருந்துக்குப் பக்கத்துல ஆசிட்டா? யார் அறுத்தது இதை?"

"நான்தான் சார். சிஸ்டர் அன்னிக்கு லீவு."

நான் உங்களுக்கு இரண்டடி தள்ளி நின்றிருந்தேன். வாய் திறக்கவில்லை.

உங்களைக் கேட் வாட்ச்மேனாக மாற்றினார்கள். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான் கேட்டபோது, "உங்களுக்கு வேலை இன்னும் பர்மனென்ட் ஆவல சிஸ்டர். எனக்கு இன்னா, உக்கார நாற்காலி குடுத்துட்டாங்க" என்று சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை இன்றும் என்னால் தாங்க முடியவில்லை. ஒரு தடவையாவது அவரைத் திட்டியிருக்கலாம், என்னையாவது திட்டியிருக்கலாம்.

கம்ப்ரஸரை யாரும் கழற்றவில்லை. அலமாரிக்குள் ஒரு தகரத் தடுப்பு அடித்தார்கள், அவ்வளவுதான். வெளியூர் விருந்தாளிகள் வந்தால் அதே அதிகாரி பானட்டைத் தூக்கி, "நாங்களே செஞ்ச ஏற்பாடு" என்று காட்டுவார். அந்த ஜீப் வெளியே போகும்போதெல்லாம் நீங்கள் எழுந்து கேட்டைத் திறந்துவிட்டு சல்யூட் அடிப்பீர்கள். புது டிரைவருக்குப் பக்கத்தில் நான் நேராகப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பேன். எனக்கு வேலை பர்மனென்ட் ஆகி எட்டு வருஷத்துக்குப் பிறகும் அப்படித்தான்.

கல்லறைத் தோட்டத்தில் ஆபீஸ் சார்பில் ஒருவர், "கேட்டில் நேரம் தவறாதவர்" என்று பேசினார். அப்போதுதான் எனக்கு வாய் வந்தது. குறுக்கே புகுந்து எல்லாவற்றையும் சொன்னேன், சாக்பீஸ் கோடு வரைக்கும். கூட்டம் தலையைக் குனிந்துகொண்டது. அண்ணி மட்டும் என் கையைப் பிடித்து, "எனக்குத் தெரியும்மா. உங்கிட்ட கேக்கக் கூடாதுன்னு அவரு சொல்லியிருந்தாரு" என்றார்.

இப்போது ஒரு வார்டு முழுக்க என் பொறுப்பில் இருக்கிறது. உங்கள் பொய்யில் கிடைத்த வேலை அது. அந்தப் பொய்யை நான் கேட்கவில்லை அண்ணே. வேண்டாம் என்றும் சொல்லவில்லை.