வண்டி எங்க நிக்குது?

அன்பு நண்பா,

இன்று காலை, துவைக்கப் போடுவதற்காக என் மேல்துண்டை எடுத்து உதறினேன். பலாப்பழ மணமும் டீசல் வாடையும் ஒன்றாக எழுந்து முகத்தில் மோதின. அப்படியே நின்றுவிட்டேன். இவ்விரண்டையும் ஒருசேர முகரக்கூடிய இடம் எனக்குத் தெரிந்து ஒன்றே ஒன்றுதான். புதூர்நாட்டுச் சாலை மலையேறத் தொடங்கும் இடத்தில், தகரக் கூரையின்கீழ் நீ நடத்திய வண்டிப் பணிமனை. நான் பணிமனை என்பேன். நீ ஷெட்டு என்பாய். "பணிமனைன்னா எவனாவது பஸ் டிப்போன்னு நெனச்சி வந்து நிப்பான்யா" என்று சிரிப்பாய்.

நீ இல்லாத பணிமனைக்கு நேற்றுப் போயிருந்தேன். போனவன் சும்மா போகவில்லை. செண்பகம் அழைத்திருந்தாள். "அண்ணா, இன்னிக்கி ரெண்டுல ஒண்ணு முடிவு பண்ணியாவணும். நீங்க வந்து கூட ஒக்காருங்க, போதும்" என்றாள். நீ தொடங்கி முடிக்காமல் விட்ட வேலையைத்தான் உன் மனைவி கையிலெடுத்திருக்கிறாள் என்பது போனபிறகே புரிந்தது. பணிமனைக்கு ஒரு மென்பொருள் தேர்ந்தெடுக்கும் வேலை.

அந்த வேலையை நீ தொடங்கிய நாள் உனக்கு நினைவிருக்கிறதா? எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. வேலூரிலிருந்து ஓர் அம்மையார் மடிக்கணினியோடு வந்திருந்தார். பட்டறை மேசையில் ஒரு பழைய கியர்ப்பெட்டியைத் தள்ளிவிட்டு, அதன் இடத்தில் கணினியை வைத்தார். வண்டி வந்தால் இப்படிப் பதியலாம், உதிரிப்பாகம் குறைந்தால் இப்படி எச்சரிக்கும், வேலை முடிந்தால் உரிமையாளருக்குத் தானே செய்தி போகும் என்று அழகாகக் காட்டிக்கொண்டே போனார். திரை முழுதும் ஆங்கிலம். என் பொறுமை எவ்வளவு நேரம் தாங்கும் என்பது நீ அறியாததா? எழுந்துவிட்டேன்.

"அம்மையீர்! இம்மலையில் வண்டி ஓட்டுபவன் தமிழன். பழுது நீக்குபவன் தமிழன். பழுதாகி நிற்கும் வண்டி சுமப்பது தமிழன் விளைவித்த சாமையும் புளியும். இடையில் இந்தத் திரை மட்டும் எந்நாட்டுக்குரியது?" என்று முழங்கினேன். ஜாப் கார்டுக்குப் பணிச்சீட்டு, ஸ்டாக்குக்கு இருப்பு, அப்பாயின்ட்மென்டுக்கு முன்பதிவு என்று அடுக்கிக்கொண்டே போனேன். அந்த அம்மையார் குறிப்பெடுக்கவே தொடங்கிவிட்டார். நீயோ ஒரு சக்கரத்தின்மேல் உட்கார்ந்துகொண்டு, கடைசிவரை கேட்டுவிட்டு, "பேச்சாளரே, கைத்தட்டல் ஆயிட்ச்சின்னா நான் ஒண்ணு கேக்கட்டா?" என்றாய்.

பிறகு அவரிடம் திரும்பினாய். "ஏங்க, வண்டி எங்க நிக்குதுன்னு எழுதறதுக்கு இதுல எடம் இருக்குதுங்களா?"

அவருக்கு விளங்கவில்லை. "ஷெட்டுலதான சார் நிக்கும்? உள்ள வந்தாத்தான் என்ட்ரியே போட முடியும்" என்றார்.

"ஷெட்டுக்கு வர முடியற வண்டிக்கு நான் இன்னாத்துக்குங்க?" என்றாய். அவரும் சிரித்துவிட்டார். தேநீர் வாங்கிக் கொடுத்து, மரியாதையாகப் பேருந்து ஏற்றிவிட்டு வந்தாய். அதன்பின் மென்பொருள் விற்க வந்தவர்களிடமும் அதே ஒரு கேள்விதான். நீ கேட்டதை உன் பிடிவாதம் என்று எண்ணினேன். பழகிய வழக்கத்தை விடமாட்டாத ஒருவனின் குறும்பு என்றும் எண்ணியதுண்டு. தேர்வு முடியுமுன்னே மழைக்காலம் வந்தது. மார்வலி என்று படுத்த நீ எழவில்லை.

மலையில் நின்றுபோன வண்டியைத் தேடிப் பணிமனையே கிளம்பிப்போவது உன் முறை. கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு உன் ஈருருளியில் ஏறிவிடுவாய். (நீ குறுக்கே வருவாய் என்று தெரியும். "பைக்குன்னு சொல்லிட்டுப் போயேன், உன் வாய் கொறஞ்சா பூடும்?") அப்படி ஒருமுறை எனக்காகவும் வந்தாய். மலைமேல் பொதுக்கூட்டம். நான் ஏறிப்போன ஜீப் பாதி மலையில் இருமி இருமி ஓய்ந்துவிட்டது. சந்தையிலிருந்து திரும்பும் பெண்கள், உப்பு மூட்டை, ஒலிபெருக்கிக் குழல், நான், எல்லாரும் சாலையோரத்தில். ஜீப்புக்கு மட்டும் இன்றுவரை எனக்கொரு நல்ல தமிழ்ச்சொல் அமையவில்லை என்பதை அன்று அப்பெண்களிடம் விரிவாக எடுத்துரைத்துக்கொண்டிருந்தேன். நீ வந்து சேர்ந்தாய். வண்டியின் வாயைத் திறந்து குனிந்தாய்.

"டீசல் லைன்ல காத்து பூந்துகிச்சி. வேற ஒண்ணுமில்ல."

ஒரு மரையைத் தளர்த்தி, நுரை நுரையாக வந்த டீசலை வெளியேற்றினாய். ஓட்டுநர் சாவியைத் திருகினார். இயந்திரம் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது. நானோ, இம்மலைச் சாலையின் இழிநிலை பற்றி, கூட்டத்துக்கென வைத்திருந்த உரையை அங்கேயே தொடங்கியிருந்தேன். நீ தலையை நிமிர்த்தாமலே கையை மட்டும் உயர்த்தினாய்.

"யோவ், ஒரு நிமிசம் வாய மூடேன். இஞ்சின் இன்னா சொல்லுதுன்னு கேக்கணும்."

அப்பெண்கள் சிரித்த சிரிப்பு எதிர்மலையில் பட்டுத் திரும்பியிருக்கும். எத்தனையோ மேடைகளில் என்னை நிறுத்தச் சொல்லிச் சீட்டு வந்திருக்கிறது. நான் நிறுத்தியதில்லை. உனக்காக நிறுத்தினேன். இயந்திரம் சீராக ஓடத் தொடங்கியதும், எண்ணெய் படிந்த கைகளை நீ என் வெண்டுண்டில் துடைத்துவிட்டு, "இப்ப பேசு" என்றாய். கறைபட்ட துண்டோடுதான் அன்று மேடையேறினேன். அந்தக் கறை போகவேயில்லை. இன்று காலை உதறியதும் அதே துண்டுதான்.

நேற்றைய கதைக்கு வருகிறேன். நீ அமர்ந்த அதே சக்கரத்தில் செண்பகம் அமர்ந்திருந்தாள். கணினியின் முன் அவள் தம்பி தனசேகர். நீ போனபின் ஆம்பூரில் தான் பார்த்த வேலையை விட்டுவிட்டு வந்து, அக்காவுக்குத் துணையாக நிற்பவன். நல்லவன். கணக்கில் கெட்டிக்காரன். இரண்டு மென்பொருள்களைப் பழகிப்பார்க்க வாங்கி வைத்திருந்தான். இரண்டுக்கும் நேற்றோடு கெடு முடிந்தது. ஒன்று, வேலூர் அம்மையார் காட்டியதன் புதிய வடிவம். பார்க்கவே கண்ணுக்குக் குளிர்ச்சி. வண்டி உள்ளே வந்ததாகப் பதிந்தால்தான் வேலையே தொடங்கும். மற்றொன்று எளியது, சற்றே அழகற்றது. ஆனால் அதில் கட்டங்களை நாமே சேர்க்கலாம், இடம் மாற்றலாம்.

தனசேகரின் நெஞ்சம் முதலாவதில் இருந்தது. காரணத்தையும் ஒளிக்கவில்லை.

"அக்கா, கோச்சிக்காத. மாமா காலம் வேற. ஏழுமல ஒரு வண்டியத் தேடி மலைக்குப் போய்ட்டான்னா, இங்க நிக்கிற வண்டியெல்லாம் அப்படியே நிக்குது. வந்தவன் மொனவிக்கினே போறான். இந்த சாப்ட்வேர் வந்துட்டா ஒரே பேச்சு. ஷெட்டுக்கு வந்தா பாப்போம். வராட்டி, கட்டி இய்த்துகினு வரட்டும்."

ஏழுமலை உன்னிடம் வேலைக்குச் சேர்ந்து, உன்னோடே நரைத்தவர் அல்லவா? அவர் ஒரு சக்கரக் குடத்துக்கு மசகு பூசிக்கொண்டிருந்தார். பூசியதையே மறுபடி பூசினார்.

செண்பகம் என்னைப் பார்த்தாள். "நீங்க இன்னாண்ணா சொல்றீங்க?"

நண்பா, தேர்வு இரண்டு மென்பொருள்களுக்கிடையில் அன்று என்பது அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. இனிமேல் மலையில் ஒரு வண்டி நின்றால் இந்தத் தகரக் கூரையின்கீழிருந்து ஒருவர் கிளம்புவாரா, மாட்டாரா? அதுதான் அந்த மேசைமேல் கிடந்தது. பேச வேண்டிய இடம். ஆனால் தனசேகர் சொன்னதில் பொய்யில்லையே! உன் பெயரை முழங்கி, அந்தப் பிள்ளையின் வாயை அடைத்துவிடலாம். நாளை அங்கே நின்று வண்டிக்காரர்களுக்கு மறுமொழி சொல்லப்போவது நானா? சொற்களைத் திரட்டிக்கொண்டிருந்தேன்.

அப்போது தொலைபேசி மணி அடித்தது.

தனசேகர் எடுத்தான். எடுத்துக்கொண்டே, பழக வேண்டும் என்பதற்காக, முதல் மென்பொருளின் திரையை விரித்தான். அது கேட்கும் வரிசையிலேயே இவனும் கேட்டு, அதில் இல்லாததைக் கடைசிக்கு வைத்தான்.

"சொல்லுங்க, பேரு? ... பெருமாளா? சரி. வண்டி நம்பரு? ... இன்னொரு வாட்டி சொல்லுங்க. இன்னா மாடலு? டீசல்தான? கடைசியா எப்ப சர்வீஸ் விட்டீங்க? இப்ப வண்டி எங்க..."

அவ்வளவுதான். மறுமுனை அற்றுப்போனது.

திரும்ப அழைத்தான். தொடர்பெல்லைக்கு அப்பால் என்று ஒரு பெண்குரல் சொன்னது. மறுபடி அழைத்தான். மறுபடி அதே குரல். திரையில் எல்லாக் கட்டங்களும் நிரம்பியிருந்தன. பெயர் இருந்தது. எண் இருந்தது. வண்டியின் வகை, வயது, எல்லாம் இருந்தன. அது நிற்கும் இடத்தைத் தவிர அவ்வண்டியைப் பற்றி எங்களுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. மலைமேல் மழை கறுத்து இறங்கிக்கொண்டிருந்தது.

"அங்க டவரு அவ்ளோதாம்பா" என்றார் ஏழுமலை, முதன்முறையாக வாய்திறந்து. "பாற மேல ஏறி நின்னு பேசுவாங்க. ஒரு பேச்சு கேக்கும், ரெண்டு பேச்சு கேக்கும், பூடும். அதான் அவரு எடுத்த ஒடனே அத்த மட்டும் கேப்பாரு. பேரக்கூட கேக்கமாட்டாரு. நேர்ல போனா தெரியப்போவுது, இன்னாத்துக்குன்னுவாரு."

தனசேகரின் முகம் வாடிவிட்டது. அவன் யாரையும் குறைசொல்லவில்லை. திரையைப் பார்த்தபடியே இருந்தான். எனக்கோ, வந்தவர்களிடமெல்லாம் சக்கரத்தின்மேல் அமர்ந்தபடி நீ கேட்ட அந்தக் கேள்வி, காதோரத்தில் உன் குரலிலேயே ஒலித்தது. எத்தனை ஆண்டுகள் உன்னருகில் இருந்தேன்! ஏன் அதை முதலில் கேட்கிறாய் என்று உன்னை நான் கேட்டதேயில்லை.

ஏழுமலை கருவிப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டார். "ரோட்டப் புடிச்சி மேல போய்க்கினே இருக்கறேன். எங்கனா நிக்காமலா பூடும்."

"இருங்க" என்றாள் செண்பகம்.

தொலைபேசியைத் தம்பியிடமிருந்து வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள். மறுபடி மணி அடிக்கக் காத்திருந்தோம். தகரத்தில் முதல் துளிகள் விழும் ஓசை கேட்டது. மணி அடித்ததும், முழுதாய் ஒலிக்கக்கூட விடாமல் எடுத்தாள்.

"வண்டி எங்க நிக்குது?"

தொலைபேசியின் ஒலியைக் கூட்டி வைத்திருந்ததால் எங்களுக்கும் கேட்டது. காற்று இரைச்சலுக்கு நடுவே, "கோயில் தாண்டி, ரெண்டு புளியமரம் கீதே, அந்த வளைவாண்டக்கா! பொம்பளைங்கல்லாம் கூட..." என்ற குரல். மீண்டும் அற்றுப்போனது. ஏழுமலையின் ஈருருளி அதற்குள் சாலையில் ஏறியிருந்தது.

செண்பகம் தொலைபேசியை மேசைமேல் வைத்தாள். "தனசேகரு, மலைக்குப் போறவங்க போவட்டும். கீழ நிக்கிற வண்டிக்காரங்களுக்கு நான் பதில் சொல்லிக்கறேன். திட்டுனா என்னத் திட்டட்டும்" என்றாள்.

அவன் கணினியை இழுத்துக்கொண்டான். முதல் மென்பொருளில், பெயருக்கு மேலே ஒரு கட்டம் சேர்க்க முயன்றான். அது இடம் தரவில்லை. மூடினான். அழகற்றதைத் திறந்தான். புதிதாய் ஒரு கட்டம் உண்டாக்கி, பெயருக்கும் மேலே, எண்ணுக்கும் மேலே, எல்லாவற்றுக்கும் தலையில் கொண்டுபோய் வைத்தான். "இதுல வருதுக்கா. இத்தையே வச்சிக்கலாம்" என்றான். பிறகு என் பக்கம் திரும்பினான். "பேச்சாளர் அண்ணா, இந்தக் கட்டத்துக்கு இன்னா பேரு போடலாம்? நல்ல தமிழா ஒண்ணு சொல்லுங்க."

என்னிடம் இருந்தது, நண்பா. நிறுத்திடம் என்று சொல்லியிருக்கலாம், நிற்குமிடம் என்றும் சொல்லியிருக்கலாம். இரண்டும் பழுதற்ற சொற்கள். நாவின் நுனிவரை வந்தன.

"வண்டி எங்க நிக்குது" என்றேன்.

தட்டெழுதினான். "கேள்விக்குறி போடணுமாண்ணா?"

"போடு" என்றாள் செண்பகம், எனக்கு முந்திக்கொண்டு. "அவரு கேள்வியாத்தான கேட்டாரு." சொல்லிவிட்டு எழுந்து, மழையில் நனையத் தொடங்கிய சக்கரங்களை உள்ளே உருட்டப் போனாள். திரும்பிவர நெடுநேரமாயிற்று.

பொழுது சாயுமுன் பெருமாளின் ஜீப் தன் காலிலேயே இறங்கி வந்தது. முன்னே ஏழுமலை, தொப்பலாக நனைந்து. வண்டியிலிருந்து ஒரு பலாப்பழம் இறங்கி, கணினிக்குப் பக்கத்தில் அமர்ந்தது. செண்பகம் அதை அரிந்து, பாதியை என்னிடம் தந்தாள். கையில் எடுத்துப்போக வழியில்லாமல் மேல்துண்டில் முடிந்துகொண்டேன். உன் கறையின்மேலேயே.

வரும் ஞாயிறு மலைமேல் மீண்டும் கூட்டம். ஊர்வரை சாலை கேட்டுத்தான். உரையை எழுதி முடித்திருக்கிறேன். என் விளித்தொடர்கள் எவ்வளவு நீளம் என்று நீ அறிவாய். "நீ வணக்கம் சொல்லி முடிக்கறதுக்குள்ள நான் ரெண்டு டயர் மாத்திடுவேன்" என்பாயே. அவை அத்தனையையும் அடித்துவிட்டேன். ஒலிவாங்கியைப் பிடித்ததும், "உங்க ஊரு ரோடு எங்க நிக்குது?" என்று மட்டும் கேட்கப்போகிறேன்.

கேட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு நிற்பேன். அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும்.