முள் காட்டிய நாற்பது

மார்ச் 3, செவ்வாய்

ஏப்ரல் ஒன்றாம் தேதி முதல் எங்கள் பிழைதிருத்தும் பிரிவு மட்டும் அச்சகத்தின் புதிய கட்டடத்துக்குப் போகிறதாம். நெடுஞ்சாலையில் முப்பத்தொரு கிலோமீட்டர். அந்தப் பக்கம் பேருந்து நினைத்தால் வரும். மேலாளர் ஒவ்வொருவராக அழைத்துப் பேசினார். வர முடியாதவர்களுக்கு இங்கே வேறு வேலை இல்லை என்பதை மிகுந்த மரியாதையோடு சொன்னார்.

"உங்க வீட்ல வண்டி இருக்குல்ல?"

"இருக்கு சார்."

"ஓட்டுவீங்கல்ல?"

"லைசென்ஸ் இருக்கு சார்."

பொய் எதுவும் சொல்லவில்லை. கேட்ட கேள்விக்குப் பதிலும் சொல்லவில்லை.

பக்கத்து மேசை கமா அக்காவுக்கு (ஒரு வரிக்கு இரண்டு காற்புள்ளியாவது போடாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது) ஒரே சந்தோஷம். "அப்ப நானும் உன்னோடதான்டி. என் பொழப்பும் இனி உன் கையில."

என் காலில் என்று சொல்லியிருக்க வேண்டும். வண்டியின் வேகமுள் நாற்பதைத் தொட்டால் என் வலது முழங்கால் தானாக விடுப்பு எடுத்துக்கொள்கிறது. விபத்து எதுவும் நடந்ததில்லை. கெட்ட கனவுகூட இல்லை. காரணம் இருந்தாலாவது நாலு பேரிடம் மதிப்பாகச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 5, வியாழன்

வேறு வேலைக்கு விண்ணப்பம் எழுதினேன். மூன்று பிழை. கிழித்துவிட்டேன்.

மார்ச் 8, ஞாயிறு

அண்ணனோடு நெடுஞ்சாலையில் பயிற்சி. எங்கள் இருவருக்கும் பொதுவான பழைய ஜீப். முப்பத்தைந்து வரை நான் ஓட்டினேன். அதன் பிறகு பின்னால் வந்த லாரிகளின் ஹாரன்தான் எங்களைத் தள்ளிக்கொண்டு போயிற்று.

"ஏய், மிதிடி. எறும்பு சாகக்கூடாதுன்னு வேண்டுதலா?"

"மிதிச்சிட்டுத்தான் இருக்கேன்."

"எதை? பிரேக்கையா?"

ஓரமாகச் சைக்கிளில் வந்த ஒருவர் எங்களுக்கு இணையாக வந்து, "வண்டில ஏதும் பிரச்சினையா?" என்று அக்கறையோடு விசாரித்தார். அண்ணன், "வண்டில இல்லண்ணே" என்றான். அவர் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு முன்னால் போனார்.

முந்திப் போனார். சைக்கிள்.

மார்ச் 14, சனி

அண்ணன் யாரையும் கேட்காமல் ஜீப்புக்குப் பெரிய டயர் போட்டு வந்திருக்கிறான். "கம்பீரமா இருக்குல்ல?" என்று நாலு பக்கமும் சுற்றிச் சுற்றிக் காட்டினான். அம்மா ஏறிப் பார்க்கப் போனாள். கால் எட்டவில்லை. "இது வண்டியா, மச்சு வீடா? ஏணியும் சேத்துக் குடுத்தானா?"

மார்ச் 15, ஞாயிறு

இதை நிதானமாக எழுத வேண்டும்.

இன்று நாற்பதில் ஓட்டினேன். முள் நாற்பதில் நின்றது, முழங்கால் அதன் இடத்தில் இருந்தது. எப்படி என்று தெரியவில்லை. உயரத்தில் உட்கார்ந்திருப்பதாலோ என்னவோ, சாலை எனக்குக் கீழே எங்கோ ஓடிக்கொண்டிருந்தது, என்னைச் சேராத விஷயம் போல. யாரும் ஹாரன் அடிக்கவில்லை. புதிய கட்டடம் வரை போய்ச் சேர்ந்தோம். அண்ணன் சொன்னான்: "இன்னிக்குத்தான் மனுஷி மாதிரி ஓட்டுற."

கிளம்பியது பத்து மணிக்கு. சேர்ந்தது பத்து நாற்பதுக்கு.

மார்ச் 16, திங்கள்

முப்பத்தொரு கிலோமீட்டரை நாற்பது வேகத்தில் கடக்க நாற்பத்தாறு நிமிடத்துக்கு மேல் ஆக வேண்டும். நாற்பது நிமிடத்தில் எப்படிப் போனோம்? மீட்டரைப் போய்ப் பார்த்தேன். நேற்று போக வர ஐம்பத்து நான்கு கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறதாம். அறுபத்திரண்டு அல்லவா இருக்க வேண்டும்? கிலோமீட்டர் கற்களை நட்டவர்களுக்கும் எங்கள் ஜீப்புக்கும் கருத்து வேறுபாடு.

இந்த வேலையில் இதுதான் சாபம். ஒரு எண் இடறினால் மேலே படிக்க முடியாது.

மார்ச் 17, செவ்வாய்

அண்ணன் இல்லாத நேரம் பார்த்து டயரில் சாக்பீஸால் ஒரு கோடு, தரையில் ஒரு கோடு. ஜீப்பைத் தள்ளி டயரை ஒரு முழுச் சுற்று உருட்டி, அம்மாவின் தையல் டேப்பால் அளந்தேன். இரண்டு மீட்டர் நாற்பத்தெட்டு சென்டிமீட்டர். கொட்டகையில் கிடந்த பழைய டயர் இரண்டு மீட்டர் பதினாறு.

"டயருக்கு என்னடி சட்டை தைக்கப் போறியா?" என்றாள் அம்மா.

விஷயம் இதுதான்: மீட்டருக்குச் சக்கரம் எத்தனை சுற்று சுற்றியது என்பது மட்டும்தான் தெரியும். டயர் பெரிதாகிவிட்டது என்று யாரும் அதனிடம் சொல்லவில்லை. பெரிய டயர் ஒரு சுற்றில் அதிகத் தூரம் போகிறது. மீட்டர் பாவம் பழைய கணக்கையே சொல்லிக்கொண்டிருக்கிறது.

அப்படியென்றால் என் நாற்பது, நாற்பத்தாறு.

நான் நாற்பத்தாறில் போயிருக்கிறேன்!

அண்ணனிடம் சொல்ல வேண்டும். சொல்லவில்லை. அடுத்தவர் பிழையைத் தேடித்தான் எனக்குச் சம்பளம். முதல்முறையாக ஒரு பிழை எனக்கு நல்லது செய்திருக்கிறது. அதை எப்படிக் காட்டிக்கொடுப்பது? என் வேலையும் கமா அக்காவின் வேலையும் இந்த ஒரு பொய்யில்தான் தொங்குகின்றன.

மார்ச் 19, வியாழன்

தெரியாதது போல நடிக்கலாம், ஊரிடம். என்னிடமே எப்படி நடிப்பது? முள் முப்பத்தைந்து வந்ததுமே மனம், "இது நாற்பது" என்றது. முழங்கால் உடனே எழுந்து போய்விட்டது. லாரி. ஹாரன்.

"மறுபடியும் என்ன கேடு வந்துச்சு உனக்கு?" என்றான் அண்ணன்.

சொல்லிவிட்டேன். அரை நிமிடம் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு சட்டென்று நிறுத்தினான்.

"இரு. அப்ப நான் எம்பதுல போனா?"

"தொண்ணூத்திரண்டு."

"திங்கக்கெழம போலீஸ் ஜீப்பை ஓவர்டேக் பண்ணேனே…" முகத்தில் ரத்தம் இல்லை. "நாளன்னிக்கே டாக்டர்கிட்ட காட்டிரலாம்."

மார்ச் 21, சனி

டாக்டர் என்பது மெக்கானிக். எஞ்சினில் ஸ்குரூடிரைவரை ஊன்றி, மறுமுனையைக் காதில் வைத்துக் கேட்பார். அதனால் வந்த பெயர். கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்கு ஒரு கேபிள் போகிறதாம். கேபிளின் நுனியில் சுண்டுவிரல் அளவில் ஒரு பல்சக்கரம். அதை மாற்றினால் மீட்டர் திருந்திவிடும்.

"இப்ப பதினேழு பல்லு. டயர் பெருசாயிருச்சுல்ல? பல்லும் பெருசாகணும். இருபது போட்டுரலாம். பெருசுக்குப் பெருசு. கணக்கு அவ்வளவுதான்."

எவ்வளவு அழகான வாக்கியம். நானும் தலையாட்டினேன். அண்ணனும் ஆட்டினான்.

"இனிமே நாப்பதுன்னா நாப்பதுதாம்மா. கண்ண மூடிக்கிட்டு ஓட்டு."

மார்ச் 22, ஞாயிறு

உண்மையான நாற்பது! முழங்கால் மூச்சு விடவில்லை. ஒரு லாரியை முந்தினேன். நான். முந்தினேன். பின்னால் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "காத்து என்னடி இப்படி அறையுது, மெதுவாத்தானே போற?" என்றாள். "நாப்பதுதாம்மா" என்றேன், ஞானி போல.

நேரம் பார்க்கவில்லை. அச்சுக்குப் போன பக்கத்தைத் திரும்பப் படிப்பதில்லை என்பது எங்கள் பிரிவின் பழக்கம்.

மார்ச் 27, வெள்ளி



அரைநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு முதல்முறையாகத் தனியாகப் போனேன். வழியில் ஒரு பள்ளிக்கூடம். அங்கே புதிதாக ஒரு மின்பலகை வைத்திருக்கிறார்கள். வருகிற வண்டியின் வேகத்தைக் காட்டும், கூடவே ஒரு முகமும் காட்டும். அந்த இடத்தில் நாற்பதுக்கு மேல் போகக்கூடாது. என் முள் சரியாக நாற்பதில். பலகை 54 என்றது. சிவப்பு முகம், கவிழ்ந்த வாய்.

பலகைதான் கெட்டுப்போயிருக்கிறது என்று நினைத்தேன். திரும்பி வந்து முப்பதில் போனேன். 40. நேர்க்கோட்டு வாய். இன்னொரு முறை, இருபதில். 27. பச்சை முகம் சிரித்தது. பொய் சொல்கிற பலகை இவ்வளவு ஒழுங்காகச் சொல்லாது.

பிள்ளைகளைச் சாலை கடத்திவிடும் அம்மாள் கொடியோடு வந்து வண்டியை மறித்தாள்.

"மூணு தடவையா பாக்குறேன். போர்டுகிட்ட விளையாட்டா?"

"இந்தப் போர்டு சரியாத்தான் காட்டுதாம்மா?"

"போர்டு சரியாத்தான் இருக்கு. உன் காலுதான் சரியில்ல. இன்னும் அஞ்சு நிமிஷத்துல பெல் அடிச்சிரும், தெரியுமா?"

அஞ்சு நிமிஷம். அந்த வெள்ளைக் கோட்டில ஒரு பிள்ளை கால் வெச்சிருந்தா? நான் நாப்பதுன்னு நெனச்சுக்கிட்டு சும்மா உக்காந்திருப்பேனே. பிழை நல்லது செய்யுதாம் — என்ன புத்தி எனக்கு?

மணி அடித்து, கடைசிப் பிள்ளையும் சாலை கடக்கும் வரை ஓரமாக நிறுத்திக்கொண்டு பார்த்தேன். அப்புறம் இருபதிலேயே டாக்டரிடம் போனேன்.

"நாப்பதுக்கு அம்பத்திநாலு காட்டுது."

"முன்னாடி நாப்பத்தாறுதானே?"

"ஆமா."

"அப்ப நான் கைவெச்சப்புறம் இன்னும் எட்டு கூடியிருக்கு." இரண்டு பல்சக்கரங்களை எடுத்து ஒன்றோடொன்று வைத்து மெதுவாகச் சுற்றிப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. "டயர் பெருசானா மெதுவா சுத்தும்… அப்ப கேபிள் வேகமா சுத்தணும்… அதுக்குப் பல்லு… அய்யய்யோ. குறையணும்மா. பதினஞ்சு போட்டிருக்கணும்."

"நானும் தலையாட்டினேனே."

"வெளிய சொல்லிராத தாயி. டாக்டர்ங்கிற பேரு ஒண்ணுதான் மிச்சம்."

மார்ச் 28, சனி

பதினைந்து பல் போட்டாயிற்று. அண்ணன் ஓட்டிப் பார்த்தான்; பலகை 40, முள் 40 என்று இரண்டும் ஒத்துப்போகின்றன. திரும்பி வந்தும் பார்த்தோம். இனி நான் ஒளிந்துகொள்ளப் பொய் எதுவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை மேலாளரிடம் என்ன சொல்வது என்று யோசித்து வைக்க வேண்டும்.

மார்ச் 29, ஞாயிறு

பள்ளியைத் தாண்டி, திறந்த சாலை. நாற்பது. பயப்படலாம் என்று தயாராகக் காத்திருந்தேன். பயம் வரவில்லை. அலுப்பு வந்தது. எஞ்சின் முனகுவதும் மரங்கள் நகர்வதும் ஏதோ சாவுக்கு நடந்து போவது போல இருந்தது. ஒரு வாரமாகக் காது பழகிய சத்தம் இது இல்லை. முழங்காலுக்கு எண் படிக்கத் தெரியாது போலிருக்கிறது. அத்தனை நாளும் படித்ததெல்லாம் நான்தான்.

கொஞ்சம் மிதித்தேன். நாற்பத்தெட்டு. இன்னும் கொஞ்சம். ஐம்பத்து நான்கில் காற்று அறைந்தது, சாலை பழைய சாலையானது.

திரும்பும்போது அண்ணன் ஓட்டினான். எண்பதுக்கு வந்தான். ஒரு நிமிடம் முள்ளை முறைத்துப் பார்த்தான். அறுபதுக்கு இறங்கினான். "இருபது பல்லு இருந்தப்போ எம்பதுன்னு போனேனே… அது நூத்தியெட்டா?" என்று மட்டும் கேட்டான். ஆமாம் என்றேன். அதன் பிறகு வீடு வரும் வரை அறுபதைத் தாண்டவில்லை.

ஏப்ரல் 1, புதன்

கமா அக்காவும் நானும் எட்டு ஐம்பதுக்குப் போய்ச் சேர்ந்தோம். எனக்கு ஜன்னலோரம் மேசை. பள்ளிக்கூடத்து முகம் போகும்போதும் வரும்போதும் பச்சை.

மாலையில் திறந்த சாலைக்கு வந்த கொஞ்ச நேரத்தில் கமா அக்கா இரண்டு கையாலும் முன்பிடியைப் பற்றிக்கொண்டார்.

"ஏன்டி, கொஞ்சம், மெதுவா, போயேன்."

முள்ளைப் பார்த்தேன். ஐம்பத்தெட்டு. அத்தனை காற்புள்ளிக்கும் மரியாதை கொடுத்து ஐம்பதுக்கு இறங்கினேன். மனமே இல்லை.