மீனோடு ஸ்பகெட்டி

அன்புத் தங்கைக்கு,

நீ நலம் என்று, நீ வேலை பார்க்கும் அறக்கட்டளையின் அதிகாரி விட்கோம்ப் சொன்னார்.

சனிக்கிழமை எப்போதும் போல் தேவாலயத்தின் பின்புறம் மீன் பொரித்துக்கொண்டிருந்தோம். போலீஸ் சுட்டுக் கொன்ற நம் தெருப் பையனுக்கு நியாயம் கேட்டு, வெள்ளிதோறும் காவல் நிலையத்தின் முன் நிற்கிறார்களே பிள்ளைகள், அவர்களை ஜாமீனில் எடுப்பது இந்த மீன் விற்ற காசுதான். வரிசையில் நின்ற விட்கோம்ப், அந்த நியூயார்க் வெள்ளைக்காரர், "மீனோட ஸ்பகெட்டியும் வைங்கம்மா" என்றார். மெம்பிஸுக்குப் புதிதாக வருகிறவர்கள் அந்தத் தட்டைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். இவர் கேட்டு வாங்குகிறார்!

சாப்பிட்டுவிட்டுப் பேச்சை ஆரம்பித்தார். "இனிமே நீங்க இப்படிக் கஷ்டப்பட வேணாம். எல்லாச் செலவையும் நாங்க பாத்துக்கறோம். வெள்ளிக்கிழமை நிக்கறத மட்டும் கொஞ்ச நாள் நிறுத்தி வைக்கலாமே?"

சோளமாவில் மீனைப் புரட்டிக்கொண்டிருந்த ஓசெல்லா நிமிராமலே கேட்டாள்: "ஏன் சார், எங்க மீனு அவ்வளவு காரமாவா இருக்கு?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நம் தட்டில் மீனுக்குப் பக்கத்தில் என்ன இருக்கும் என்று அவருக்குச் சொன்னவர், காவல் நிலையத்தின் முன் யாருக்குப் பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்றும் சொல்லியிருப்பாரோ?

சொன்னது நீயா என்று உன்னைக் கேட்கவில்லை. நீ அங்கே வேலைக்குச் சேர்ந்ததில் எங்களுக்கெல்லாம் பெருமைதான்.

அவரிடம் தட்டுக்குக் காசு வாங்கினேன். வேறு எதுவும் வாங்கவில்லை.

வரும் சனிக்கிழமையும் பொரிக்கிறோம். முன்பு போல வந்து அடுப்பருகே நில், மாவுக் கிண்ணம் தருகிறேன். அவரோடு வரிசையில் வந்து நின்றால், உன்னிடமும் காசு வாங்குவேன்.

உன் அக்கா