வழிவிலக்கு நாயகத்தைக் கேட்டு விடுத்த ஓலை

நலம் பெருகுக. மேகம் தரையில் நடக்கும் சாரற்கோட்டு நாட்டை ஆளும் பனிமுடியுடையார் சாரல்மாதேவியாரின் திருவாய்ச் சொல்லைத் தலைமேற்கொண்டு, அவர்தம் அமைச்சன் ஆதி கீரன் எழுதும் ஓலை.

வெண்திரை நாடுடையாரும், சங்குமுனைத் துறையின் காவலரும், முன்னோர் வழியாகக் கடலடக்கி என்னும் பட்டம் தாங்கியவருமான பெருவேள் அவர்களின் திருமுன்பு வைக்க. கோட்டை நலமா? குடிகள் நலமா? யானைகள் வேளைக்கு உண்கின்றனவா? கடல் நலமாகவே இருக்கிறது என்பதை இன்னும் உலராத எம் அரசியாரின் பட்டாடை எமக்குச் சொல்கிறது.

தங்கள் நாட்டின் கடற்கரையையும், முன்னோர் எடுத்த கல்மண்டபத்தையும், முகத்துவாரத்து அம்மன் கோயிலையும் காண எம் அரசியார் வந்ததும், தாங்கள் எதிர்கொண்டு அழைத்ததும், வரவேற்புரை முடிவதற்குள் குடை பிடித்தவன் மயங்கி விழுந்ததும் இரு நாடும் அறிந்தவை. வந்த காரணமும் தாங்கள் அறிந்ததே. பாட்டனார் காலத்துப் பூசலில் அடைத்த கணவாய்க் கதவைத் திறந்துவிட வேண்டும், கடல் என்பது எப்படித்தான் இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிட்டுச் சாகிறோம் என்று எம் மலைக்குடிகள் பலகாலமாக மன்றாடி வருகிறார்கள். தம் மக்களை அனுப்பலாமா கூடாதா என்பதை நேரில் பார்த்து முடிவு செய்யவே அரசியார் வந்தார்.

இந்த ஓலை எழுந்ததோ வேறொரு பொருட்டு. தங்கள் வழிவிலக்கு நாயகம் சேந்தன் காரி சிறையில் இருக்கிறான் என்றும், வரும் அமாவாசையில் உப்புத்தீவுக்கு அனுப்பப்படுவான் என்றும் கேள்வியுற்றோம். தீர்ப்பு தங்களுடையது. ஆயினும் அந்த நாளில் அவன் பக்கம் நடந்தது இன்னதென்று தங்களுக்கு எடுத்துச் சொல்ல அரண்மனையில் ஒருவரும் துணியமாட்டார் என்பதால், அவன் எம் அரசியாரிடம் சொன்னபடியே எழுதுகிறோம்.

அரசர் கண்ணில் குடிமக்கள் படாமல் வழியைத் துப்புரவாக்குவது காரியின் குலத்தொழில். அவன் தகப்பன் செய்தான், அவனும் செய்தான். பறையடித்துக்கொண்டு முன்னே போவான். மக்கள் விலகி ஓடுவார்கள். அவன் வாழ்நாளில் கண்டதெல்லாம் மக்களின் முதுகுகளே. பார்த்த மாத்திரத்தில் இது நெசவாளி முதுகு, இது உப்பு சுமக்கும் முதுகு என்று சொல்லிவிடுவானாம். முகத்தைக் காட்டினால் பக்கத்து வீட்டுக்காரனைக்கூட அடையாளம் தெரியாதாம்.

அன்று காலையில் அரசியார் முதலில் கடற்கரைக்கு வந்தார். காரி அதற்கு முன்பே வலைஞர்களைக் கிளப்பி, கிழங்கு விற்பவர்களைத் துரத்தி, மணலில் கிடந்த காலடித் தடங்களையும் ஓலைமட்டையால் இழுத்து அழித்திருந்தான். நண்டுகள் மட்டும் ஆணைக்குப் பணியவில்லை. விரட்ட விரட்ட வளைக்குள் போவதும், திரும்பினால் எட்டிப் பார்ப்பதுமாகச் சிறுமைப்படுத்தினவாம். அரசியார் நெடுநேரம் கடலையே பார்த்து நின்றார். கண்கள் கலங்கின. பிறகு இரு பக்கமும் திரும்பிப் பார்த்து, இவ்வூரில் மனிதர்கள் இல்லையா என்று வினவினார். அனைவரும் அம்மன் கோயிலில் தேவியின் பொருட்டு வழிபடுகின்றனர் என்று தங்கள் அவைப்புலவர் விடையளித்தார்.

கோயிலுக்குப் போனோம். அங்கும் ஒருவருமில்லை. அரச முகத்தை ஏறிட்டுப் பார்க்கலாகாது என்று எச்சரிக்கப்பட்ட பூசாரி, கண்ணை இறுக மூடிக்கொண்டு குங்குமத்தை நீட்டி, எம் வாள்காரனின் மூக்கில் வைத்துவிட்டு நீடு வாழ்க தேவி என்று வாழ்த்தினார். மக்கள் எங்கே என்று அரசியார் மறுபடியும் வினவ, தேவியைக் காணக் கடற்கரைக்குப் போயினர் என்றார் புலவர்.

கல்மண்டபமோ உள்ளபடியே அதிசயம். தூணுக்குத் தூண் கல் பேசுகிறது. ஒரு தூணின் அடியில் ஒரு கல்தச்சன் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு, பல்லைக் கடித்து முள் பிடுங்குவதாகச் செதுக்கியிருந்தார்கள். பார்த்ததும் அரசியார் வாய்விட்டுச் சிரித்தார். அது தங்கள் முப்பாட்டனார் அறத்தைச் சிந்திக்கும் திருக்கோலம் என்று புலவர் விளக்கவே, சிரிப்பை விழுங்க வேண்டியதாயிற்று.

மண்டபத்தை விட்டுப் பல்லக்கில் ஏறியதும் அரசியார் என்னைப் பார்த்துச் சொன்னார்: “கடல் இருக்கு, கோயில் இருக்கு, கல்லு இருக்கு. ஆள் இல்லையே கீரா! வெயில்ல வந்து நிக்கிற என் சனத்துக்கு ஒரு வாய் தண்ணி யாரு குடுப்பா? கதவு மூடியே கிடக்கட்டும்.”

பல்லக்கின் ஓரமாக நடந்துவந்த காரியின் காதில் இது விழுந்தது. மக்கள் இல்லையா? காலையிலிருந்து தொண்டை வறளத் துரத்திய அவனுக்கல்லவா தெரியும் எத்தனை பேர் என்று! கடற்கரையில் இருந்தவர்களைக் கோயிலுக்கும், கோயிலில் இருந்தவர்களை மண்டபத்துக்கும், அங்கிருந்து பாதிப்பேரை மீனவர் குப்பத்துக்கும் மீதிப்பேரைக் கடைத்தெருவுக்கும் விரட்டியவன் அவன். அவ்வளவு பேரும் இந்த அம்மையாரின் கணக்கில் இல்லாமலே போய்விட்டார்களே என்று முதன்முறையாக அவன் நெஞ்சு உறுத்தியது. சொல்ல வாயெடுத்தான். ஆனால் வழிவிலக்கு நாயகம் அரசரிடம் பேசும் வழக்கம் இல்லை. அவனுக்காகப் பேசுவது பறை.

அந்த நேரத்தில் அரசியார், புறப்படுமுன் இன்னொரு தடவை கடலில் கால் நனைக்க வேண்டும் என்றார். திட்டத்தில் இல்லாத விருப்பம். முகத்துவாரத்து மணல்திட்டு அருகில் இருந்தது. காரி பதறிப்போனான். ஒரு படையிடம், கடைத்தெருப் பக்கமிருந்து குடிகளைத் தெற்கே துரத்திக்கொண்டு போ என்றான். இன்னொரு படையிடம், குப்பத்துப் பக்கமிருந்து வடக்கே துரத்திக்கொண்டு வா என்றான். இரண்டு படைத்தலைவர்களும் சொன்னதைச் சொன்னபடி செய்தார்கள். குடிகள் இன்ன இடத்தில் இருக்கலாகாது என்று தங்கள் நாட்டுச் சட்டம் விரிவாகப் பேசுகிறது. எந்த இடத்தில்தான் இருப்பது என்று ஓரிடத்திலும் சொல்லவில்லை. காரிக்கும் அது தோன்றவில்லை.

ஆகவே ஊர் மொத்தமும் இரண்டு பக்கமிருந்தும் ஓடிவந்து, நடுவே எம் அரசியார் கால் நனைத்து நின்ற மணல்திட்டில் வந்து குவிந்தது.

முன்னே வந்தவள் பனங்கிழங்கு விற்கும் சாத்தி என்பவள். காற்றுக்காக மணிமுடியைக் கழற்றித் தோழியிடம் கொடுத்துவிட்டு, சேலையைத் தூக்கிச் செருகி நின்ற அரசியாரை அவள் அறியவில்லை. அவள் பேச்சைச் செந்தமிழில் திருத்தாமல் எழுதுக என்பது ஆணை. கை கூசினாலும் எழுதுகிறேன்.

“ஏளா, ஒன்னையும் தொரத்திட்டானுவளா? காலையில இருந்து ஓடுதேன். கோயிலுக்குப் போனா மண்டவத்துக்குப் போங்கான். மண்டவத்துக்குப் போனா குப்பத்துக்குப் போங்கான். மலையில இருந்து எவளோ ராணி வந்திருக்காளாம். நாம அவ கண்ணுல பட்டா அவ கண்ணு என்ன அவிஞ்சா போயிரும்?”

“அவியலையே. நல்லாத்தான் தெரியுது” என்றார் அரசியார். “அந்த ராணி நான்தான்.”

சாத்தி அவரை மேலும் கீழும் பார்த்தாள். “நீயா? அப்பம் ஒனக்காவத்தான் இம்புட்டு ஓட்டமா? சரி, நின்னு நின்னு காலு கடுத்திருக்கும். கிழங்கு திங்கியா?”

இவ்வாறிருக்கத் தாங்கள் வெண்குடையோடு எழுந்தருளினீர்கள். கூட்டத்தைக் கண்டு சினந்து கடலுக்கு முதுகு காட்டி நின்றீர்கள். அப்பொழுது தங்கள் பட்டத்தை இன்னும் படித்துப் பாராத ஓர் அலை, அடி பணிய வந்து, அன்பு மிகுதியால் சற்று மேலேயும் ஏறிவிட்டது. குடை ஒரு பக்கமும் தாங்கள் ஒரு பக்கமுமாக அமர்ந்தீர்கள். ஒரு வலைஞன் ஓடிவந்து தங்களை அக்குளில் கைகொடுத்துத் தூக்கி, “பெரியவரே, கடலுக்கு முதுவக் காட்டாதியும். அது வெளையாட்டுப் பிள்ள மாதிரி, பின்னால வந்து தள்ளும்” என்றான். முதலில் சிரித்தவர் எம் அரசியார் என்பதை ஒப்புக்கொள்கிறோம். பின்னர் சிரித்தவர்களுக்கு அவரே பொறுப்பு.

தாங்கள் ஈர உடை மாற்றச் சென்ற இடைவெளியில் காரி அங்கேயே நின்றான். அரசியாரை மறைத்துத் திரைச்சீலை பிடிக்கச் சொல்ல வேண்டும் என்று அறிவு சொன்னது, கண்ணோ கூட்டத்தை விட்டு அகலவில்லை. ஏனெனில் இரண்டு பக்கமிருந்தும் வந்தவர்கள் அவனை நோக்கி நின்றார்கள். பிறந்தது முதல் முதுகையே கண்டவன், அன்று ஊரின் முகத்தைக் கண்டான். மூக்குத்திகள், அம்மைத் தழும்புகள், வெற்றிலைக் கறை, வியர்வை. அவற்றில் ஒன்றுகூட அவனைப் பார்த்து மகிழ்ந்ததாகத் தெரியவில்லை. “எலே, இவன்தான் அந்தத் தமுக்கடிக்கவன்!” என்று யாரோ கத்தினார்கள். “இனி எங்க ஓடச் சொல்லுதியரு? கடலுக்குள்ளயா?” என்று இன்னொருவர் கேட்டார். அவன் பறையைக் கழற்றி மணலில் வைத்துவிட்டு, “தெரியலையே, தெரிஞ்சா நானும்லா ஓடிருப்பேன்” என்றான். கூட்டம் அவனுக்கும் சிரித்தது. இத்தனையும் அவன் அரசியாரிடம் சொல்லி முடிக்கவும், தங்கள் காவலர் வந்து கையைக் கட்டவும் சரியாக இருந்தது.

அதற்குள் அரசியார் கிழங்கின் நாரைப் பல்லிடுக்கிலிருந்து எடுத்தபடியே, வெளியூரார் வந்தால் எங்கே தங்குவார்கள் என்று கேட்டிருந்தார். எங்க வீட்டுலதான், எங்க வீட்டுலதான் என்று வந்த கூச்சலில் கடல் ஓசை அடங்கிப்போயிற்று. கடலை அடக்கியவர்களை நாங்கள் கண்ணால் கண்டது அப்போதுதான்.

ஆகவே அரசியாரின் ஆணை பின்வருமாறு. கணவாய்க் கதவு வரும் தை முதல் திறக்கப்படும். எம் குடிகள் தங்கள் கடலையும் மண்டபத்தையும் கோயிலையும் காண வருவார்கள். அவர்களோடு எம் அரசியாரும் நடந்தே வருவார். அவருக்காக ஒரு நண்டையும் விரட்டலாகாது. பூசாரி கண்ணைத் திறக்கலாம். புலவருக்கு ஓய்வு வேண்டும்; முள் பிடுங்கும் தச்சனை எம் மக்கள் தாமே பார்த்துச் சிரித்துக்கொள்வார்கள்.

சேந்தன் காரியை உப்புத்தீவுக்கு அனுப்பாமல் எமக்கு அனுப்புக. கணவாய் வாசலில் வழிகாட்டி நாயகமாக அவன் நிற்பான். வருகிறவர்களைப் பார்த்து எங்கே போகலாம், எங்கே தங்கலாம் என்று சொல்வது அவன் வேலை. அவன் வாராமல் கதவு திறவாது, இதில் மாற்றமில்லை.

மலையின் தாழ்ப்பாள் பொறித்த எம் முத்திரை இவ்வோலையின் இரு தலையிலும் இடப்பட்டது. அவிழ்த்தவர் படிக்க, படித்தவர் செய்க, செய்தவர் நெடிது வாழ்க. மறுமொழி ஓலை வேண்டா. கணவாய்ப் பாதையில் காரி எம்மை நோக்கி நடந்துவரக் கண்டால், தாங்கள் எழுதியதாகவே கொள்வோம்.