சான் லொரென்சோ கோவிலுக்கு நான் போட்ட சட்டை

1986 மே 18, ஞாயிறு

பூசை முடிந்ததும் வெளியூர்க்காரர் இரண்டு பேருக்குக் கோவில் வரலாறு சொன்னேன். இருநூற்று நாற்பது வருடம் முன்னால் ஸ்பானியத் துறவி கழுதையிலிருந்து இறங்கியபோது இடம் காட்டியவர் என் மூதாதை. எழுத்தில் இல்லைதான். ஆனால் உள்ளே இருக்கிற பழைய படத்தில் துறவிக்குப் பக்கத்தில் நிற்பவரின் மூக்கும் என் மூக்கும் ஒன்று. அறுபத்து நாலில் மண் சுவர் முழுக்கச் சிமெண்ட் சட்டை போட்டவன் நான்தான் என்பதையும் சொல்லிவிட்டேன். நானூறு மூட்டை. (நாற்பதாக இருக்கலாம்.) அதற்கு முன்னால் வருடாவருடம் பெண்கள் கையால் மண் பூசிக் கஷ்டப்பட்டார்கள். இருபத்திரண்டு வருட ஓய்வு, என் தயவு.

கோவில் சாவி வைத்திருக்கும் கிளியோஃபாஸ் அக்கா கேட்டுக்கொண்டே கடந்து போனாள். "துறவி விரல நீட்டினாரு, உன் தாத்தன் மூக்க நீட்டினான். மண்ணச் சுமந்தது பொம்பளைங்கடா டெலெஸ்ஃபோரோ."

மே 27

ஆயர் அலுவலகத்திலிருந்து பொறியாளர் வந்தார். தெற்குச் சுவருக்கு வயிறு தள்ளியிருக்கிறதாம். சிமெண்டைத் தட்டினார், உள்ளே பொக்கென்று கேட்டது. ஈரம் ஊறிவிட்டதாம். ஆகஸ்ட் பத்து, லொரென்சோ திருவிழா வரை கெடு. அதற்குள் சுவர் காய்ந்து உறுதியாகாவிட்டால் இடித்துவிட்டுத் தகரக் கூரையில் புதுக்கோவில்.

எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோவில். தகரமா?

மே 31

தங்கை மகள் பெனீட்டா வந்துவிட்டாள். பழைய கட்டடங்களைச் செப்பனிடுவதுதான் அவள் வேலை. அறிவெல்லாம் என் பக்கத்து ரத்தம். சுவரைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டது. சுடாத பச்சைச் செங்கல் மூச்சு விட வேண்டுமாம். சிமெண்ட் போட்டால் உள்ளே போன ஈரம் வெளியே வர வழியில்லை, சுவர் உள்ளுக்குள்ளேயே கூழாகிவிடும்.

"யாரு மாமா இந்தப் புத்திசாலி?"

என் நாக்கு எனக்கு முன்னால் ஓடியது. கொத்தன் அன்செல்மோ என்றேன். அவன் செத்து ஒன்பது வருடம். நான் தண்ணீர் தூக்கினேன், அவ்வளவுதான் என்றேன்.

ஊரே உடனே நம்பியது! யோசனை என்னுடையது என்று இத்தனை வருடம் சொன்னதை ஒருத்தரும் நம்பியதில்லையாம். நிம்மதியாகத்தான் இருக்க வேண்டும். ஏன் வயிறு எரிகிறது?

ஜூன் 9

மொத்த ஊரும் சிமெண்டை உடைக்கிறது. அண்டா நிறையப் பன்றிக்கறியும் சோளமும், பக்கத்தில் ஒருவன் பிடில் வாசிக்கிறான். நான் தட்டியதும் ஒரு பாளம் ஆள் உயரத்துக்குக் கழன்று விழுந்தது. (முழங்கால் உயரம்.) உள்ளே பழைய மண் பூச்சில் கைத்தடங்கள், விரல் விரலாக, அரைவட்டமாக. கிளியோஃபாஸ் அக்கா ஒரு தடத்தில் தன் கையை வைத்துப் பார்த்தாள். பொருந்தியது. அப்புறம் அடுத்த தடம், அடுத்தது. "இது எங்கம்மாவோடது" என்றாள். பிடில்காரன் வில்லைக் கீழே வைத்துவிட்டுக் கிட்டே வந்து பார்த்தான்.

ஜூன் 29

மேலே காய்ந்துவிட்டது. கீழே இரண்டடி இன்னும் ஊறிய ரொட்டி மாதிரி. அடியில் ஊற்று இருக்குமோ என்கிறார்கள். ஜூலையில் மழை. எங்கிருந்து தண்ணீர் வருகிறது என்று தெரியாவிட்டால் இடிப்பதைத் தவிர வழியில்லை என்று பெனீட்டா சொல்லிவிட்டாள். வண்டிக்குப் பின்னால் போய்க் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் பார்த்துவிட்டேன்.

ஜூலை 1

மிளகாய்க் குழம்பு இறங்கவில்லை. எனக்கு!

ஜூலை 2

சொல்லிவிட்டேன். அறுபத்து நாலில் அன்செல்மோ வேலை முடித்துச் சுரங்கத்துக்குப் போன பிறகு பத்து மூட்டை மீந்தது. வீணாக்குவானேன் என்று சுவரின் காலைச் சுற்றி நானே தனியாகக் கான்கிரீட் பட்டை போட்டேன். பிறகு மண் மூடிவிட்டது. மழைத்தண்ணீர் அதில் தேங்கித்தான் சுவரில் ஏறுகிறது. யோசனை முழுக்க என்னுடையது, அன்செல்மோ பாவம்.

யாராவது நம்பினார்களா? கிளியோஃபாஸ் அக்கா சிரித்தே விட்டாள். "ஆரம்பிச்சிட்டான். ஈரத்துக்கும் இவன்தான் காரணமாம், அந்தப் பெருமையும் இவனுக்கே வேணுமாம்."

கடப்பாரையை எடுத்தேன். சுவரிலிருந்து ஒரு முழம் தள்ளி, இரண்டு சாண் ஆழம். டங்.

எல்லோரும் வாயை மூடிக்கொண்டார்கள். நான் கெஞ்சியும் அதுவரை நடந்ததில்லை.

"ஏன் மாமா இத்தனை நாள் சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சும்மா."

பெனீட்டா என்னையே பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். என் கையிலிருந்து கடப்பாரையை வாங்கி இரண்டு குத்துக் குத்தினாள், பட்டையில் கீறல்கூட விழவில்லை. "நல்லாத்தான் போட்டிருக்கீங்க" என்றாள்.

ஜூலை 13

பதினோரு நாள். என் வேலை அவ்வளவு உறுதி. கடைசித் துண்டு இன்று பெயர்ந்தது.

ஜூலை 28

மழை வந்தது. தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடுகிறது. கூழான கற்களை எடுத்துவிட்டுப் புதுப் பச்சைக்கல் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 3

பெண்கள் பூசுகிறார்கள், ஆண்கள் மண்ணும் வைக்கோலும் மிதிக்கிறோம். நானும் ஒரு கை பூசப் போனேன். கிளியோஃபாஸ் அக்கா மண்குழியைக் காட்டினாள். "உன் இடம் அங்க." முழங்கால் வரை மண்ணோடு திரும்பி நடந்தேன். என்ன சுகம்!

ஆகஸ்ட் 10, திருவிழா

பொறியாளர் சுவரின் காலில் கம்பியைச் செருகி இழுத்தார். உலர்ந்த தூள்தான் வந்தது. தாளில் ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார், பூசைக்கு முன்வரிசையில் உட்கார்ந்தார், பிறகு மூன்று கிண்ணம் சாப்பிட்டார். மூன்றுதான். எண்ணினேன்.

ஆகஸ்ட் 24

ஆற்றுக்கு அப்பால் ஊரிலிருந்து நாலு பேர் வந்திருந்தார்கள். அவர்கள் கோவில் சுவரும் நனைகிறதாம். பெனீட்டாவைத்தான் தேடினார்கள். நான் குறுக்கே புகுந்து, எங்கே, எவ்வளவு ஆழம் தோண்ட வேண்டும் என்று சொன்னேன். பார்க்காமலே எப்படித் தெரியும் என்று கேட்டார்கள்.

"அறுபத்தாறுல அதையும் போட்டது நான்தான்."

கடப்பாரையை வண்டியில் ஏற்றியாயிற்று. காலை ஆறு மணிக்குப் புறப்பாடு.