அப்பாவின் பல்லியை நான் என்ன செய்வது?

என் அன்பு மகள் எலீடியாவுக்கு,

இந்தக் கடிதம் கனடாவில் உன் கையில் கிடைக்கும்போது நீயும் கிரெய்க் மாப்பிள்ளையும் குட்டி நோராவும் நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று கடவுளை வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்கள் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், பேனாவை எடுத்த பிறகு அதுவே எனக்குச் சந்தேகமாகிவிட்டது. அப்பாவுக்கு உடம்பு தேறிவிட்டது, ஆனால் நோய் எதனால் வந்தது எதனால் போனது என்று யாருக்கும் தெரியவில்லை. போனில் சொல்லலாம் என்றால் போன் அடுப்படியில் இருக்கிறது, அவர் நாற்காலி அடுப்படி வாசலில் இருக்கிறது. காது மந்தம் என்று சொல்லிக்கொள்கிற மனிதருக்கு நான் உன்னோடு பேசுவது மட்டும் நன்றாகக் கேட்கிறது. அதனால்தான் எழுதுகிறேன், குழந்தை தூங்கும்போது பொறுமையாகப் படி.

போன ஞாயிற்றுக்கிழமை நீ என்ன சொன்னாய் என்று நினைவிருக்கிறதா? ஆகஸ்டில் வருகிறோம், குழந்தைக்கு மெல்லிய தோல், கொல்லைச் சுவரில் ஒரு பல்லிகூட இருக்கக் கூடாது, இருந்தால் பெரிய ஊரில் ஹோட்டலில் தங்கிக்கொள்கிறோம் என்றாய். எனக்குத் தலை சுற்றிவிட்டது மகளே. கொடியிலிருந்து எடுத்த துணியை முன்னும் பின்னும் இஸ்திரி போட்டுக்கொண்டு நின்ற என்னைப் பார்த்து, "பல்லி நடந்த துணியை இஸ்திரி போடாம மாட்டினா அக்கி வருமாம், இந்தக் காலத்துல யாரும்மா இதை நம்புவா" என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தவள் நீதானே? படித்த பெண் சொல்கிறாளே என்று நானும் பாதி நம்பியும் நம்பாமலும் இத்தனை வருஷம் ஓட்டினேன், இஸ்திரியை மட்டும் விடவில்லை. இப்போது தாயானதும் நீ எங்கள் பக்கம் வந்துவிட்டாய். நான் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை.

அதிலும் பார், நீ பேசுவதற்கு மூன்று வாரம் முன்னால்தான் அப்பாவுக்கு விலாவில் அக்கி கிளம்பியிருந்தது. நீ பயப்படுவாய் என்று சொல்லவில்லை. நெருப்பை அள்ளிக் கொட்டினாற்போல எரிச்சல், சட்டைகூடப் போட முடியவில்லை. முட்டை விற்கிற ஃபெலிஸ்பெர்ட்டாவைக் கூப்பிட்டேன், அவள்தானே இந்தத் தெருவில் அக்கிக்கு மந்திரிக்கிறவள். பூண்டுத்தாளை எரித்து அந்தச் சாம்பலை ஆலிவ் எண்ணெயில் குழைத்துத் தடவினாள், "தலையை அறுக்குறேன், வாலை அறுக்குறேன், நடு உடம்பை அறுக்குறேன்" என்று கத்தியால் காற்றில் சிலுவை போட்டாள். எல்லாம் முடிந்ததும் என் பக்கம் திரும்பி, "ஏண்டி லியோனில்ட், புருஷனுக்குச் சட்டையை இஸ்திரி போடாமலா குடுத்தே? ஊர்ல யார்கிட்டயும் சொல்லிடாதே, அசிங்கம்" என்றாள். எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. உள்ளாடை, காலுறை, மூக்குத் துடைக்கிற துணி வரைக்கும் இஸ்திரி போடுகிறவள் நான்! அப்போதுதான் உன் அப்பா திருடன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு, "அவ மேல தப்பில்ல. கொடியில சட்டை மேல அந்தப் பல்லி உக்காந்திருந்துச்சு. நான்தான் மெல்ல எடுத்துச் சுவத்துல விட்டுட்டு அப்படியே மாட்டிக்கிட்டேன்" என்றார். பார்த்தாயா, அவர் வாயாலேயே வந்துவிட்டது என்று ஃபெலிஸ்பெர்ட்டா என்னைப் பார்க்கிறாள், நான் அவளைப் பார்க்கிறேன். மறுநாள் சுகாதார நிலையத்துக்குப் போனால் அந்தச் சின்ன வயது டாக்டரம்மா சிரிக்காமல் கேட்டுக்கொண்டாள், பிறகு, "பல்லி ஒண்ணும் பண்ணலம்மா, இவருக்குச் சின்ன வயசுல அம்மை வந்துதில்ல, அந்தக் கிருமிதான் உள்ளேயே தூங்கிக்கிட்டு இருந்து இப்ப எழுந்திருக்கு" என்றாள். இத்தனை காலம் ஒருவர் உடம்புக்குள் தூங்குகிற கிருமியை நம்புவதா, சட்டையில் கண்ணால் பார்த்த பல்லியை நம்புவதா? மாத்திரையும் கொடுத்தேன், சாம்பலும் தடவினேன். புண் காய்ந்துவிட்டது. டாக்டரம்மா மாத்திரையால் என்கிறாள், ஃபெலிஸ்பெர்ட்டா மந்திரத்தால் என்கிறாள், நான் இரண்டு பேருக்கும் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.

அதற்குப் பிறகுதான் உன் போன். சரி, பேத்தி முகம் பார்க்க வேண்டும் என்றால் பல்லி போகத்தான் வேண்டும் என்று துடைப்பத்தை எடுத்தேன். பொழுது சாய்ந்து கொல்லை விளக்கைப் போடுகிற நேரம், பூச்சி வந்தால் பின்னாலேயே அதுவும் வரும். ஈ வராமல் கொல்லை வாசலில் தொங்கவிட்ட பட்டைத் திரைக்கு இந்தப் பக்கம் நான் நிற்கிறேன், அந்தப் பக்கம் அப்பா யாரோடோ பேசுகிறார். உன் அப்பாவை உனக்குத் தெரியாதா, ரொட்டி எங்கே, உப்பு பத்தவில்லை, கதவைப் பூட்டினாயா, இவ்வளவுதான் என்னோடு அவர் பேச்சு, புட்டி அடைக்கிற தக்கைக்காக மரத்தில் ஏறிப் பட்டை உரித்த காலத்திலிருந்தே அப்படித்தான். யார் வந்திருப்பது என்று எட்டிப் பார்த்தால் ஒருவரும் இல்லை. விளக்கடியில் இருக்கிற பல்லியைப் பார்த்து, "ஏ குட்டி, என் பொண்ணு வரா, கைக்குழந்தையோட வரா. அவ கண்ணுல மட்டும் பட்டுடாதே. பசிச்சாலும் விளக்குக்குப் பின்னாடியே கெட. கொஞ்ச நாள்தான். அப்புறம் அவ போயிடுவா, எப்பவும் போறவதானே. அப்புறம் நாம ரெண்டு பேருந்தான்" என்கிறார். நான் ஒருத்தி துடைப்பத்தோடு நிற்கிறேன், அவர்கள் இரண்டு பேராம்! எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எது முதலில் வந்தது என்று தெரியவில்லை. அவர் திரும்பி என்னையும் துடைப்பத்தையும் பார்த்தார். கத்துவார் என்று நினைத்தேன். "இவளே, நீ அடிக்காதே. நானே கொண்டுபோய் விடுறேன். பொண்ணு இங்க வந்து தங்கினாப் போதும்" என்று தொப்பியைக் கழற்றிப் பல்லியை அதற்குள் எடுத்தார், அது ஓடக்கூட இல்லை. தொப்பியை இரண்டு கையாலும் மூடிப் பிடித்துக்கொண்டு ஊர்க்கோடியில் பாழாய்க் கிடக்கிறதே பழைய ரொட்டி அடுப்பு, அங்கே போய் விட்டுவிட்டு வெறும் தொப்பியோடு வந்தார்.

நீ கேட்ட மாதிரி சுவர் சுத்தமாகிவிட்டது. எனக்குச் சந்தோஷமாக இருக்க வேண்டும், இல்லை. அவர் கொல்லைப் பக்கமே போகவில்லை, விளக்கைப் போடவில்லை, கொத்தமல்லியும் முட்டையும் போட்டு நான் செய்கிற ரொட்டிச் சூப்பைக்கூடப் பாதி வைத்துவிட்டு எழுந்துவிடுவார். பல்லி இல்லாமல் ஒரு மனிதர் இப்படி ஆவாரா, நான் பக்கத்தில் இருக்கும்போதா, என்று எனக்கு வெட்கமாகவும் பொறாமையாகவும் இருந்தது. யாரிடம் போய் இதைச் சொல்வேன், ஃபெலிஸ்பெர்ட்டாவிடமா?

நேற்று சாயங்காலம் துணி எடுக்கப் போனேன். நோராவுக்காகத் துவைத்த சின்ன விரிப்பு, அதன் நடுவில் அது உட்கார்ந்திருக்கிறது. அதே பல்லிதான், போன வருஷம் என் துடைப்பம் பட்டு அறுந்த வால் குட்டையாய் முளைத்திருக்கிறதே, எனக்குத் தெரியாதா. அத்தனை தூரம் எப்படித் திரும்பி வந்தது? செருப்பைக் கையில் எடுத்தேன். விரிப்பு வேறு குழந்தையுடையது, கை ஓங்கியேவிட்டது. பிறகு என்ன ஆயிற்று என்று எனக்கே புரியவில்லை, விரிப்போடு சேர்த்து அதை மெல்லச் சுருட்டிக் கொண்டுபோய் விளக்கடிச் சுவரோரம் விரித்துவிட்டு, "இங்க வாங்க, இருட்டுது, விளக்கைப் போடுங்க" என்று குரல் கொடுத்தேன். இன்னும் நல்ல வெளிச்சம் இருந்தது. அவர் வந்து விளக்கைப் போட்டார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். உள்ளே போய்த் தன் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். திரும்பவும் உள்ளே போய் என் நாற்காலியையும் தூக்கிவந்து பக்கத்தில் போட்டார்.

ஆகையால் எலீடியா, என்னால் இதைத் துரத்த முடியாது. பல்லியால் அக்கி வருமா வராதா என்று என்னைக் கேட்காதே, எனக்குத் தெரியாது. அந்த விரிப்பைத் திரும்பத் துவைத்து ஓரம் கருகுகிற அளவுக்கு இஸ்திரி போட்டிருக்கிறேன். நீயும் குழந்தையின் துணிகளை அப்படியே கசங்கக் கசங்கக் கொண்டுவா, ஒவ்வொன்றையும் முன்னும் பின்னும் நான் போட்டுத் தருகிறேன், ஒரு பொத்தான்கூடத் தப்பாது. ஹோட்டலுக்கு மட்டும் போகாதே. நீ போன பிறகு அவருக்குச் சுவர் இருக்கிறது, எனக்கு இந்தக் கடிதம் இருக்கிறது, நீ இருக்கும்போதாவது நாங்கள் உன்னோடு பேசுகிறோம்.

நோராவுக்குக் காலுறை போடாமல் வெளியே தூக்கிப் போகாதே, மாப்பிள்ளையைச் சாப்பாட்டு நேரத்துக்குச் சாப்பிடச் சொல். மாதா உங்கள் மூவரையும் காப்பாற்றட்டும். போனில் பேசும்போது பல்லி என்ற பேச்சையே எடுக்காதே, அப்பா கேட்டுக்கொண்டிருப்பார். மூன்றாவது நாற்காலியைப் பரணிலிருந்து இறக்கித் துடைத்து வைத்திருக்கிறேன், குழந்தை யார் மடியில் என்று வந்த பிறகு சண்டை போட்டுக்கொள்வோம்.

உன்னை முத்தமிடும் அம்மா,
லியோனில்ட்