இடது பின்சக்கரம்

பாத்திரம் கழுவும் சோப்பால் மூன்று முறை தேய்த்தும், துரு இளக்கும் எண்ணெயின் வாடை கையை விட்டுப் போகவில்லை. உட்கார முடியாமல் அடுப்படிக்கும் கராஜுக்குமாக நடந்துகொண்டிருக்கிறேன். இன்று காலை அந்த இடது பின்சக்கரத்தைச் சரிசெய்து முடித்துவிட்டேன். உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்?

வலதுபக்கத்தை நாம் சேர்ந்து மாற்றினோமே, அப்போது டெக்சஸில், எங்கள் பிளானோவில் கடும் வெயில். என் பழைய கார் மணிக்கு அறுபது மைலைத் தாண்டினால் பின்னாலிருந்து உறுமும். டயர்தான் என்று என் கணவர் சாதித்தார். நீ ஒரே ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்தாய்.

"லெஃப்ட்ல திரும்பும்போது சத்தம் கூடுது பாரு. ரைட் வீல் பேரிங்டி. ஹப்போட சேத்து மாத்தணும்."

"ஷாப்ல விட்டுடலாமே."

"எதுக்கு? ரெண்டு பேரும் மெக்கானிக்கல் படிச்சிட்டு, வேலைக்குப் பர்மிட் வரலன்னு மூணு வருஷமா வத்தக்குழம்பு வெச்சிட்டிருக்கோம். இதையாவது செய்வோம்."

நியூ ஜெர்சியில், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பில் பல வருடம் ஓடிய கார் அது. நான்கு போல்ட்டும் கழன்ற பிறகும், சக்கரத்தைத் தாங்கும் ஹப் துருவேறி அசைந்து கொடுக்கவில்லை. மாறி மாறிச் சுத்தியலால் அடித்தோம். கடைசியில் டங்கென்று அது விழுந்தபோது நீ வீட்டு முன் டிரைவ்வேயிலேயே மல்லாந்து படுத்துச் சிரித்தாய். முகமெல்லாம் துரு. உன்னை அவ்வளவு சந்தோஷமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

பிறகு இடது சக்கரத்தைப் பிடித்து ஆட்டிப் பார்த்தாய். "இதுலயும் லேசா ஆட்டம் இருக்கு. அடுத்த சனிக்கிழமை பாத்துக்கலாம்."

அந்தச் சனிக்கிழமை உனக்கு ஸ்கேன். அதற்கப்புறம் ஏழே மாதம்.

கடைசியாக நீ போன் செய்தாய். "கொஞ்ச நேரம் வந்து உக்காந்துட்டுப் போடி." ஃபிரிஸ்கோவில் உன் வீடு இருபது நிமிடம்தான். மெலிந்துபோன உன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. "கார் ரொம்ப சத்தம் போடுது, டோல்வேல வர பயமா இருக்கு" என்றேன். அன்று காலைதான் அதே சுங்க நெடுஞ்சாலையில் டாலஸ் வரை போய் வந்திருந்தேன்.

"அப்ப ஓட்டாத. பின்னாடி உன் பொண்ணு உக்காருவா."

நான்கு நாளில் போய்விட்டாய்.

ஒன்றரை வருடம் அந்தச் சக்கரத்தை நான் தொடவில்லை. மகளை அந்தக் காரில் ஏற்றவும் இல்லை. சத்தம் இருக்கும்வரை நான் சொன்னது முழுப் பொய் ஆகாது என்று ஒரு நப்பாசை. இந்த வாரம் அது அரைக்கும் சத்தமாக மாறியது. இனி தள்ளிப்போட வழியில்லை.

தனியாக மூன்று மணி நேரம் ஆயிற்று. உள்ளங்கை கிழிந்தது. புது ஹப்பை மாட்டி, போல்ட்டுகளை இறுக்கி, நேராக ஃபிரிஸ்கோவுக்கு ஓட்டினேன். எழுபது மைல் வேகத்தில் சத்தமே இல்லை.

உன் கணவர் கதவைத் திறந்தார். வாசலில் நின்றபடியே அந்தப் பொய்யைச் சொல்லிவிட்டேன். அவர் ஆச்சரியப்படவில்லை.

"அவளுக்குத் தெரியும்ங்க. போனை வெச்சதும், 'அவ பயந்துட்டா, மறுபடி கூப்பிட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க'ன்னு சொன்னா."

பொய் என்று தெரிந்துமா என் மகளைப் பற்றி யோசித்தாய்? இதைக் கேட்டால் நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை.

இதற்கு முன்பே, போன மாதம், பக்கத்துத் தெரு ஆன்ட்டி ஒருவர் ஆஸ்பத்திரியிலிருந்து கூப்பிட்டார். உன்னிடம் சொன்னதைப் போலவே, போகாமலிருக்க ஒரு காரணம் என் வாய் வரை வந்தது. விழுங்கிவிட்டுக் கிளம்பினேன். போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். பயம் என்னை விட்டுப் போகவில்லை. இப்போதெல்லாம் அதையும் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.